குடிக்கவா, குளிக்கவா?

மாரி: சார், உங்க ஸ்விம்மிங் பூல் உள்ள தலைப்பிரட்டை நீந்துது.

சார்: அது இருக்கட்டும்ப்பா, சனிக்கிழமை மத்தியானம் பீச் ஹவுஸுக்கு பன்னெண்டு பேர் வாடகைக்கு வராங்க, அட்வான்ஸ் வேற வாங்கிட்டேன், அதுக்குள்ள தண்ணி நீலமாயிடும்ல?

மாரி: தண்ணி நீலமாவாது சார். டைல்ஸ்தான் நீலம். தண்ணி சுத்தமா இருந்தா டைல்ஸ் தெரியும், அவ்ளோதான்.

சார்: டைல்ஸ் ஸ்பெயின்லேர்ந்து இறக்கினது, தெரியுமா?

மாரி: அது வெளிய தெரிஞ்சாதானே சார் எந்த ஊருன்னு கேப்பாங்க. இப்ப ரெண்டாவது படியே தெரியல.

சார்: சரி சரி, என்ன அளந்துகிட்டே நிக்கற, மருந்தைக் கொட்டிட்டுப் போயேன்.

மாரி: உள்ள இன்னா இருக்குன்னு தெரியாம என்னத்த சார் கொட்டறது? இந்தாங்க பாருங்க, குளோரின் இருந்தா இந்தக் குழாய்ல மஞ்சளாவணும். ஒரு கலரும் வரல, சைபர். இந்தப் பக்கம் பி.எச்., தண்ணி ஆசிட்டா ஆல்கலைனான்னு காட்டற நம்பர், ஏழுக்கு மேல போனா ஆல்கலைன், சிவப்பு சொட்டு ஊத்தினேன், நல்லா அடிக்கிற ரோஸ் கலர் வந்துட்டுது. கார்டுல கடைசி கட்டமே 8.2 தான், அதையும் தாண்டிப் போயிருக்கு. எப்படியும் எட்டரை இருக்கும்.

சார்: எட்டரையா? சூப்பர்ப்பா!

மாரி: இன்னா சார் சூப்பர்?

சார்: என் வைஃப் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டியிருக்கா, ஆல்கலைன் வாட்டர், அது ஒன்பது காட்டும். இங்க மெஷினே இல்லாம எட்டரை. உடம்புல இருக்கற கெட்டதையெல்லாம் எடுத்துடுமாம்.

மாரி: சார், இது குடிக்கவா, குளிக்கவா?

சார்: குளிச்சாலும் நல்லதுதானேப்பா.

மாரி: குடிச்சாலே வயித்துல இருக்கறது ஆசிட்டுதான் சார், உங்க ஒன்பது உள்ள போய் ரெண்டு நிமிஷம் தாங்காது. அத வுடுங்க. பி.எச். எட்டரைல நீங்க எவ்ளோ குளோரின் போட்டாலும் பத்துல ஒரு பங்குதான் கிருமிய கொல்லும், மிச்சமெல்லாம் சும்மா உக்காந்திருக்கும். ஏழரைக்குக் கொண்டாந்தாதான் பாதியாவது வேலை செய்யும்.

சார்: பத்துல ஒருத்தன் வேலை செய்யறதுங்கறது எங்க ஆபீஸைவிட பரவால்ல.

மாரி: அதனால மொதல்ல ஆசிட்.

சார்: ஆசிட்டா? கொழந்தைங்க குளிக்கற தண்ணிப்பா! ஆசிட் ஊத்தினேன்னு யாராவது ரிவ்யூ எழுதிட்டா என் கதி என்ன? நான் பேஜ்லயே கெமிக்கல் ஃப்ரீன்னு போட்டிருக்கேன்.

மாரி: பாசி ஃப்ரீன்னு போடலியே, அது வரைக்கும் நல்லது. சார், வீட்டு பாத்ரூம்ல உப்புக் கறைக்கு எத ஊத்தறீங்களோ அதே ஆசிட்டுதான், நாப்பதாயிரம் லிட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து வுடணும். வாளியில மொதல்ல தண்ணி, அதுல ஆசிட். மாத்திச் செஞ்சா மூஞ்சில தெறிக்கும். உங்க வாட்ச்மேன் மாத்திதான் செஞ்சிருக்காரு, கையைப் பாத்தீங்களா?

சார்: அவருக்கு ஏதோ அலர்ஜின்னாரு.

மாரி: அலர்ஜிதான். க்ளவுஸ் ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தா போயிடும்.

(இடையில எழுதற நான் ஒண்ணு சொல்லிடறேன். சென்னை பக்கம் கோவளம் தாண்டி ஈசிஆர்ல ஒரு பீச் ஹவுஸ், ரெண்டு பீச் ஹவுஸ் இல்ல, போற இடமெல்லாம் இதே கதைதான். கட்டும்போது லட்சக்கணக்குல செலவு பண்ணுவாங்க, கட்டி முடிச்சதும் நூறு ரூபா டெஸ்ட் பாட்டிலுக்கு பேரம் பேசுவாங்க. வாட்ச்மேன்தான் தோட்டக்காரர், எலக்ட்ரீஷியன், கெமிஸ்ட் எல்லாம்.)

சார்: நான் ஒண்ணும் கவனிக்காம இல்லப்பா. போன மாசம் ஒரு குரூப் வந்து போச்சு, ஒரே குளோரின் நாத்தம், கண்ணெல்லாம் சிவந்துடுச்சுன்னு கம்ப்ளெயின்ட். ஜாஸ்தியாயிடுச்சு போலன்னு நானே போன் பண்ணி குளோரினை நிறுத்தச் சொன்னேன்.

மாரி: அது குளோரின் வாசனை இல்ல சார்.

சார்: பின்ன?

மாரி: உங்க கெஸ்ட்டு வாசனை.

சார்: என்னது?

மாரி: வேர்வை, எண்ணெய், அப்புறம் சொல்லக் கூடாது, உள்ளயே போறாங்கல்ல, அதோட குளோரின் சேந்தா ஒரு நாத்தம் கிளம்பும். கண்ணு எரியறதும் அதாலதான். குளோரின் பத்தலன்னா வர்ற நாத்தம் அது. அன்னைக்கு ஜாஸ்தியா போட்டு அடிச்சிருக்கணும், நீங்க நிறுத்திட்டீங்க.

சார்: இப்படியெல்லாம் இருந்தா அப்புறம் இயற்கையாவே ஏதாவது பண்ணலாமே. வேப்பிலை, மஞ்சள்?

மாரி: போடலாம் சார். கூடவே கொஞ்சம் உப்பு, புளி போட்டா சனிக்கிழமை மதிய சாப்பாடும் ஆச்சு. இது குடிக்கவா, குளிக்கவா, மொதல்ல அத முடிவு பண்ணுங்க.

சார்: சரி, ஆசிட் ஊத்தின உடனே?

மாரி: சாயங்காலம் வெயில் இறங்கினதும் ஷாக், அதாவது ஒரே தடவைல நெறைய குளோரின். வெயில்ல போட்டா சூரியனே குளோரினைத் தின்னுடும். நீளம் 8 மீட்டர், அகலம் 4, ஆழம் சராசரி ஒண்ணேகால், பெருக்கினா 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். 10 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏத்தணும்னா 400 கிராம் சுத்த குளோரின். கடைல கிடைக்கிற பிளீச்சிங் பவுடர்ல மூணுல ஒரு பங்குதான் குளோரின், அப்ப சுமாரா ஒண்ணேகால் கிலோ.

சார்: அவ்ளோதானே, ஒண்ணேகால் கிலோவுக்கா இவ்ளோ நேரம் பேசின!

மாரி: இருங்க சார், இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி. உங்க வாட்ச்மேன் மிதக்க வுட்டாரே குளோரின் மாத்திரை, நீங்க நிறுத்தச் சொல்றதுக்கு முன்ன எத்தன நாளா போட்டாரு?

சார்: கட்டினதுலேர்ந்து. ஈஸியா இருக்குல்ல.

மாரி: அந்த மாத்திரைல 10 பங்கு குளோரின் தண்ணில இறங்கினா கூடவே 6 பங்கு சயனூரிக் ஆசிட் இறங்கும். குளோரினை வெயில்லேர்ந்து காப்பாத்தறதுக்குத்தான் அது, 30லேர்ந்து 50 பி.பி.எம். வரைக்கும் இருந்தா நல்லது. ஆனா குளோரின் செலவாயிடும், அது போவாது, சேந்துகிட்டே இருக்கும், ஆவியாவும் போவாது. இதோ பாருங்க, தண்ணிய ஊத்த ஊத்த அடில இருக்கற கறுப்புப் புள்ளி மறையணும், எவ்ளோ சீக்கிரம் மறையுதோ அவ்ளோ ஜாஸ்தி. பாதி ஊத்தறதுக்குள்ள மறைஞ்சிடுச்சு. 100க்கு மேல. இவ்ளோ இருந்தா குளோரினைப் புடிச்சு வெச்சுக்கும், வேலை செய்ய வுடாது. இதுல ஒண்ணேகால் கிலோ இல்ல, மூட்டையோட போட்டாலும் பாசி சிரிக்கும்.

சார்: அதுக்கு ஒரு மருந்து?

மாரி: இல்ல.

சார்: மருந்தே இல்லியா?

மாரி: பாதி தண்ணிய வெளிய எடுக்கணும், புதுத் தண்ணி வுடணும். அதான் மருந்து. அப்புறம் அந்த ஷெட்டுல மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் ஒரே டப்பால போட்டு வெச்சிருக்காரு, இடம் மிச்சமாம். ரெண்டும் ஒண்ணா சேந்து ஈரம் பட்டா வெடிக்கும் சார். நான் பிரிச்சு தள்ளி வெச்சுட்டேன், டீக்குன்னு ஏதாவது குடுங்க.

சார்: எல்லாத்துக்கும் ஒரு சார்ஜ் வெச்சிருக்க நீ.

மாரி: வெடிச்சா வர்ற சார்ஜைவிட கம்மிதான் சார்.

சார்: சரிப்பா, எல்லாம் பண்ணா சனிக்கிழமை ரெடியா?

மாரி: இன்னைக்கு வியாழன். தண்ணி மாத்தி, பி.எச். இறக்கி, ஷாக் குடுத்து, சுவரெல்லாம் பிரஷ் போட்டு, மோட்டார் ராப்பகலா ஓடணும். பாசி செத்தா பச்சை போய் சாம்பல் கலர்ல கலங்கும், அது ஃபில்டர்ல அடைச்சுக்கும், பிரஷர் ஏற ஏற பேக்வாஷ் பண்ணணும், தண்ணிய திருப்பி வுட்டு ஃபில்டரைக் கழுவறது. செவ்வாக்கிழமை பாக்கலாம்.

சார்: செவ்வாயா! இங்க பாரு, வந்த உடனே ஒரு போட்டோ எடுத்து போன்லயே கலர் மாத்திட்டேன். எவ்ளோ நீலம்!

மாரி: ஆமா சார், நல்லாதான் இருக்கு. கெஸ்ட்டை அதுலயே இறக்கிடுங்க.

சார்: கிண்டலா? சரி, பாதி தண்ணிதானே, அதுக்கென்ன, மோட்டார் போட்டு வெளிய விட்டுட்டு லாரிக்குச் சொல்லு. எத்தனை வேணும்?

மாரி: இருபதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி ரெண்டு.

சார்: சொல்லு, சொல்லு. தண்ணி எங்கேர்ந்து வருது, நல்ல தண்ணிதானே?

மாரி: எங்க தெரு பின்னாடி இருக்கற போர்தான் சார். முன்ன கையால அடிச்சாலே வரும். இப்ப லாரி ராத்திரி முழுக்க இழுக்குது, எங்க பைப்புல உப்பு கரிக்குது. கடல் உள்ள வந்துட்டுதாம். அந்தாண்ட நெம்மேலில கடல் தண்ணிய குடிதண்ணியாக்கி சிட்டிக்கு அனுப்பறாங்க, இந்தாண்ட எங்க குடிதண்ணி கடல் தண்ணியாவுது. என் வூட்டுக்காரி குடத்தோட லைன்ல நிக்கறா.

சார்: அடடா.

மாரி: ம்.

சார்: அப்ப லாரிக்காரன் உங்க தெருப் பையன்தானா? தெரிஞ்சவன்னா ரேட்டு கொஞ்சம் கொறச்சுக் கேளேன்.

மாரி: கொறைய என்ன சார், ஃப்ரீயாவே கிடைக்கும். குடத்த எடுத்துட்டு காலைல நாலு மணிக்கு எங்க தெரு பைப்பாண்ட வாங்க.

சார்: நாலு மணிக்கா? ஆப்ல புக் பண்ண முடியாதா?