பூமி உருண்டை என்று நிரூபித்தவர் கொலம்பஸ் அல்ல

"பூமி தட்டை என்று ஐரோப்பாவே நம்பியபோது, 1492-ல் கொலம்பஸ்தான் அது உருண்டை என்று நிரூபித்தார்" என்ற செய்தி சுற்றுகிறது. கல்லூரியில் உலக வரலாறு படிக்க வரும் பலரும் இதை நம்பியே வருகிறார்கள், அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: இது தவறு.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் நிழலின் கோணத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய வானியல் நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாகவே இருந்தது. அதிலும் பூமி உருண்டைதான்.

சரி, அப்புறம் மேற்கே கப்பலில் போய் ஆசியாவை அடையலாம் என்ற கொலம்பஸை அறிஞர்கள் ஏன் எதிர்த்தார்கள்? தூரத்துக்காக. அவர் பூமியை மிகச் சிறியதாகக் கணக்கிட்டிருந்தார். மேற்கே ஆசியா அவ்வளவு பக்கத்தில் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி. நடுவில் அமெரிக்கா இருந்ததால் அவர் தப்பினார். தட்டைக் கதை பரவியதில் 1828-ல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்குப் பெரிய பங்குண்டு.