'பெயர் லிஸ்டில் இருக்கிறது, போன் செய்வோம்'

பள்ளிச் சேர்க்கையில் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது பட்டியலே கிடையாது என்பது என் கட்சி. பட்டியல் என்றால் வரிசை எண் இருக்க வேண்டும். யாருக்கு அடுத்து யார் என்று தெரிய வேண்டும். என்றைக்கு முடிகிறது என்று ஒரு தேதி வேண்டும். இவை எதுவுமே இல்லாமல் "பெயர் லிஸ்டில் இருக்கிறது, இடம் வந்தால் போன் செய்வோம்" என்று சொல்வதற்குப் பெயர் தட்டிக்கழிப்பது. சென்ற ஆண்டு மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அலைந்ததிலிருந்து மனதில் கிடப்பதை, இந்த ஆண்டு அலையப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் சிறிய பள்ளிகள் நிறைய உண்டு. மாநகராட்சித் தொடக்கப் பள்ளியும் ஐந்தோடு சரி. நடுநிலைப் பள்ளி என்றால் எட்டு, உயர்நிலைப் பள்ளி என்றால் பத்து. ஆக, ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் ஆறு, ஒன்பது, பதினொன்று என்று மூன்று முறை வாசலில் போய் நிற்க நேரலாம். அதனால்தான் ஆறிலேயே பன்னிரண்டு வரை இருக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிட வேண்டும் என்று எல்லாரும் துடிக்கிறோம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில அரசு உதவி பெறும் பள்ளிகளின் வாசலில்தான் மொத்தக் கூட்டமும் விழுகிறது. கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகும், கண்டிப்பு உண்டு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாமல் போய்வரலாம். காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான்.

அப்படி நான் முதலில் போன பள்ளியிலேயே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அதே பள்ளி, அதே ஆறாம் வகுப்பு. தமிழ் வழி என்றால் இன்றைக்கே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆங்கில வழிக்குத்தான் காத்திருப்பு. இதன் சூட்சுமம் பின்னால்தான் புரிந்தது. உதவி பெறும் பிரிவில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை மாணவர்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்கிறார்கள். ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார், வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். ஆகவே தமிழ் வழிக்கு ஜூலை கடைசி வரை பிள்ளைகளைத் தேடுகிறார்கள். ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி. அதில் எத்தனை இடம், யாருக்கு இடம் என்பதெல்லாம் தாளாளர் கையில்.

அந்த 'லிஸ்ட்'டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அலுவலக ஜன்னலோரம் நின்றிருந்தபோது எழுத்தர் அம்மா அதை விரித்து வைத்துவிட்டு டீ வாங்கத் திரும்பினார். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. முன்பக்கம் தேர்வானவர்கள், நீல மையில் வரிசை எண்ணோடு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் காத்திருப்பவர்கள். அத்தனையும் பென்சில். எண் கிடையாது. ஒரு பக்கத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. சில பெயர்களின் ஓரத்தில் மட்டும் இரண்டெழுத்துச் சுருக்கங்கள். யார் சொல்லி அனுப்பிய பிள்ளை என்பதற்கான அடையாளம் அது என்று பக்கத்தில் நின்ற அக்கா காதோடு சொன்னார். அவர் மூத்த மகளுக்கும் இதே வாசலில் நின்றவர், விவரம் தெரிந்தவர். என் மகள் பெயரின் ஓரம் சுத்தமாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது தம்பு செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக்கொடுக்கும் அலுவலகத்தில். நாள் முழுக்கக் கன்டெய்னர் எண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறேன். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கிற லாரியின் முதுகில் இருக்கும் பெட்டி எது, யாருடையது, எந்தக் கப்பலுக்குப் போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடலாம். வெங்காயம் ஏற்றிய பெட்டிக்கு இருக்கும் மரியாதை பதினொரு வயதுப் பிள்ளைக்கு இல்லையே என்று அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இதே தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குத் தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறார்கள். இரண்டு பேர் எல்லா விதத்திலும் சமம் என்றால் யார் முன்னால் என்று முடிவுசெய்ய ரேண்டம் எண் கூட முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.க்கான 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். நான்கு வயதில் குலுக்கல், பதினேழு வயதில் தரவரிசை. நடுவில் பதினொரு வயதில் மட்டும் பென்சிலும் ரப்பரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆவது பிரிவில் நன்கொடையையும், பிள்ளையையோ பெற்றோரையோ சலித்தெடுக்கும் தேர்வையும் தடைசெய்கிறது. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் நன்கொடைத் தடைச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. படித்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிகளில் பல, மதச் சிறுபான்மையோ மொழிச் சிறுபான்மையோ ஆன அறக்கட்டளைகள் நடத்துபவை. அவர்கள் இல்லாவிட்டால் வடசென்னையில் எத்தனையோ பெண்கள் எழுத்தே அறிந்திருக்க மாட்டார்கள், என் பாட்டி உட்பட. அந்த நன்றி வேறு, இந்தக் கேள்வி வேறு. அரசு பணத்தில் ஆசிரியர் சம்பளம் பெறும் பள்ளி, தன் சேர்க்கைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதால் எந்தச் சிறுபான்மை உரிமையும் பறிபோய்விடாது.

சிபாரிசுக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். கவுன்சிலர் கடிதம், கட்சிக்காரர் கடிதம், வழிபாட்டுத் தலத்தின் கடிதம், பழைய மாணவியின் கடிதம். இவற்றோடு வருகிற தாய்மார்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசல் அப்படி வைத்திருக்கிறார்கள், அவர்கள் அப்படி நுழைகிறார்கள். அக்கா படிக்கிற பள்ளியில் தங்கைக்கு முன்னுரிமை என்றால்கூட எனக்குச் சம்மதம், பாதித் தெருவுக்கு அது உதவி. ஆனால் அதை எழுதி ஒட்டுங்கள். இத்தனை இடம், அதில் உடன்பிறந்தாருக்கு இத்தனை, ஆசிரியர் பிள்ளைகளுக்கு இத்தனை, நிர்வாகத்துக்கு இத்தனை, மீதி இவ்வளவு. மீதி ஐந்தே இடம் என்றால் நாங்கள் அன்றைக்கே வேறு பள்ளி பார்த்துக்கொள்வோம்.

பட்டியலை வெளியிட்டால் ஒவ்வொரு பெற்றோரும் சண்டைக்கு வருவார்கள் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். வரட்டுமே. இப்போது மட்டும் என்ன, வாட்ச்மேனிடம்தானே சண்டை போடுகிறோம்? பெரிய இரும்புக் கதவின் திட்டிவாசலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நாளை வாருங்கள், மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்ல வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பெரியவர் பாவம். அவருக்கும் எதுவும் தெரியாது.

இந்த லிஸ்ட் எப்போது நகரும்? ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு பெற்றோரும் இரண்டு மூன்று இடத்தில் பணம் கட்டிப் பிடித்து வைத்திருப்பார்கள். ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்து வருகை எடுக்கும்போதுதான் யார் வரவில்லை என்று தெரியும். அதிலிருந்து ஜூன் முடியும் வரைதான் உண்மையான அசைவு. ஜூலைக்கு மேல் யாராவது வீடு மாறிப் போனால்தான் உண்டு. மே மாத வெயிலில் தினமும் போய் நிற்பதால் ஒன்றும் நடக்காது. திறந்த இரண்டாவது வாரம் போய்க் கேளுங்கள்.

அதுவரை பிள்ளையைச் சும்மா வைத்திருக்காதீர்கள். மாநகராட்சிப் பள்ளியில் மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. மாற்றுச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பள்ளி டி.சி. கொடுத்ததும் எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளையின் பதிவு பொதுத் தொகுப்புக்குப் போய்விடும், புதிய பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். காத்திருப்பில் இருக்கும்போதே டி.சி. வாங்கிவிட்டால் பிள்ளை எந்தப் பள்ளிக் கணக்கிலும் இல்லாமல் தொங்கும். இடம் உறுதியான பிறகு வாங்கினால் போதும். டி.சி. தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொன்று, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பதற்கு அரசு ஒரு விலை வைத்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. மாநகராட்சிப் பள்ளி இதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கியதே நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். அதுவும் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். ஆக, நாம் எந்த ஆங்கில வழி இடத்துக்காகப் பென்சில் வரிசையில் நிற்கிறோமோ, அந்த இடத்துக்கு இரண்டும் கிடையாது. அதற்காக அங்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பாருங்கள் என்கிறேன்.

என் மகள் இப்போது மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில், ஆங்கில வழியில் படிக்கிறாள். அறிவியல் ஆசிரியை பிரமாதம். கழிவறை காலையில் சுத்தம், மதியத்துக்கு மேல் சொல்வதற்கில்லை. அதற்காகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் பள்ளியிலிருந்து ஜூலை நடுவில் போன் வந்தது. மதியம் இரண்டு மணிக்குள் பணம் கட்ட வேண்டுமாம். என் மகள் லிஸ்டில் எத்தனையாவது என்று கேட்டேன். அப்படியெல்லாம் எண் இல்லை அம்மா என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிளஸ் ஒன் காத்திருப்பு இதைவிடச் சிறியது, ஆனால் வேகம் அதிகம். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பள்ளிகள் தங்கள் மாணவர்களுக்குக் குரூப் கொடுத்துவிட்டு மீதியைத்தான் வெளியாருக்குத் திறக்கும். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்க்கை முடிந்ததும் சில இடங்கள் காலியாகும். பயாலஜி குரூப்பை மட்டும் நம்பிக் காத்திருக்காமல், கிடைத்த குரூப்பில் சேர்ந்துவிட்டு மாற்றிக் கேளுங்கள். முதல் சில வாரங்களில் கேட்டால் பல பள்ளிகளில் மாற்றித் தருகிறார்கள்.

விண்ணப்பம் கொடுக்கும்போது பள்ளி முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு நிதியில் கணிசமாக நடக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும், பத்து ரூபாய்தான் செலவு. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் இந்த ஆண்டு உங்கள் பிள்ளைக்கு அது உதவாமல் போகலாம். ஆனால் ஒரே பள்ளியிடம் சேர்க்கைப் பட்டியலை இருபது பேர் கேட்டால் அடுத்த ஆண்டு அந்த நோட்டில் எண் போடுவார்கள் என்பது என் நம்பிக்கை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மனு எழுத உதவி வேண்டுமானால் உட்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.