மச்சச் சட்டி தெரிந்த ஊருக்குக் கோதுமைச் சட்டி தெரியாதாம்

“கொஞ்சம்தானே தங்கச்சி, என்ன செய்யப்போகுது?”

இந்த வசனத்தை இனிமேல் யாராவது என் படலையடியில் நின்று சொன்னால் கையில் இருக்கிற அகப்பையாலேயே போடுவேன். மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைக்காரர் சொல்கிறார், மில்காரர் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் காண்கிறவர்கள் சொல்கிறார்கள், சொந்த மாமியே சொல்கிறார்.

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காமல் விட்டதில்லை, மெலிவதற்காக விட்டதுமில்லை. சீலியாக் என்று அந்த வருத்தத்துக்குப் பெயர். கோதுமை, பார்லி, றை மூன்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவளுடைய உடம்பே அவளுடைய சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுவதற்கென்று குடலுக்குள் பொடிப்பொடி விரல்கள் மாதிரி இருக்கின்றனவே, அவை தேய்ந்து மொட்டையாகிவிடும். பிறகு என்ன ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது.

பத்து வயது வரைக்கும் ஒட்டாமல்தான் இருந்தாள். வயிறு ஊதிக்கொண்டு நிற்கும், கையும் காலும் ஈர்க்கு. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். மாமி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்தார். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதித்து, குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மருந்து ஒன்றும் தரவில்லை. கோதுமையை விடுவதுதான் மருந்து, அதுவும் ஆயுளுக்கும். இது நேற்று முளைத்த வெளிநாட்டு நோயுமில்லை. கோதுமைதான் காரணம் என்று வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் 1950ஆம் ஆண்டிலேயே ஆய்வேடு எழுதிவிட்டார். ஆள் ஒல்லாந்துக்காரர். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையை ஐந்து மூலையாகக் கட்டிவிட்டுப் போன ஒல்லாந்தரின் ஊர்தான். கோட்டை வந்து சேர்ந்த ஊருக்கு இந்தச் செய்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

“எங்கட ஆக்கள் சோறுதானே சாப்பிடுறது, பிறகென்ன கஷ்டம்?” இது அடுத்த வசனம். சோறு மத்தியானம் ஒரு நேரம். மற்ற இரண்டு நேரத்துக்கும் என்ன சாப்பிடுகிறோம் என்று யாராவது யோசித்துப் பார்த்தீர்களா? புட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மா. இடியப்பத்துக்கும் அதுவே. எங்கள் ஊர்த் தோசைக்கு உளுந்தோடு அரிசி போடுவதைவிட மா போட்டுக் கரைப்பவர்கள்தான் அதிகம். றொட்டி, றோல்ஸ், பற்றிஸ், கொத்து, பாண் இதெல்லாம் சொல்லவே தேவையில்லை. சோயா சோசுக்குள்ளும் கோதுமை. சாம்பாருக்குப் போடுகிற பெருங்காயத்துக்குள்ளும் கோதுமை மாவைக் கலந்து விற்கிறார்கள். இந்த நாட்டில் கோதுமை விளைச்சல் என்று சொல்ல ஒன்றுமேயில்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. மாமி இன்றைக்கும் அதை அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார். கப்பலில் வந்த சாமான் எப்படித்தான் இப்படி ஒவ்வொரு சட்டிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்ததோ!

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். டாக்கோ என்றாள். கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சான் மச்சாள்மார் வீடியோவில் காட்டிக் காட்டித் தின்றிருக்கிறார்கள். சோள றொட்டியை மடித்து உள்ளே மசாலா போட்ட மாட்டிறைச்சி, தக்காளிப்பழம், வெங்காயம், தேசிக்காய்ப் புளி. பிள்ளை சொன்னது இதுதான்: “அம்மா, இது எனக்காக மாத்திச் செய்யிற சாப்பாடில்லை. மெக்சிக்கோவில உண்மையாவே சோளத்திலதான் செய்யிறவை. எல்லாரும் சாப்பிடுறதையே நானும் சாப்பிடலாம்.” அதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் செய்யாமல் விடுவாள்?

முதல் அடி கடையில். சோள மா கேட்டேன். தம்பி ஒரு பெட்டியைத் தூக்கி நீட்டினான், கோன் ஃப்ளவர். அது கஸ்ரட்டுக்குப் போடுகிற வெள்ளை மாப்பொருள் தம்பி, அதில் றொட்டி தட்ட முடியாது, எனக்குச் சோளத்தை அப்படியே அரைத்த மா வேண்டும் என்றேன். “அக்கா, கோன் என்றா சோளம், ஃப்ளவர் என்றா மா. இதுதான் சோள மா.” ஆங்கிலப் பாடம் வேறு! வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் பக்கத்தில் நின்ற ஒருவர், “ரவை வாங்குங்கோ, ரவை கோதுமை இல்லைத்தானே” என்றார். ரவை என்ன மரத்தில் காய்க்கிறதா ஐயா?

அடுத்தது மசாலா. கனடாவில் இருந்து மச்சாள் அன்போடு ஒரு பக்கற் டாக்கோ மசாலா அனுப்பியிருந்தார். பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தால், கெட்டியாவதற்குக் கோதுமை மாவு. மிளகாய், சீரகம், உள்ளி, வெங்காயம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு எதற்கு அந்தக் கரண்டி மா? தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு நானே இடித்தேன். யாழ்ப்பாணத்தில் தூள் இடிக்கத் தெரியாதவள் எவள்? ஆனால் ஒன்று. அவர்கள் சமையல் குறிப்பில் மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று எழுதியிருப்பார்கள். அது சீரகமும் உள்ளியும் கலந்த சாதுவான தூள். அதை நம்பி எங்கள் செத்தல் மிளகாய்த் தூளை மூன்று கரண்டி கொட்டினால் பிறந்தநாள் வீடு ஆஸ்பத்திரியில்தான் முடியும். அரைக் கிலோ இறைச்சிக்கு இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூள், அதே அளவு வறுத்துப் பொடித்த நற்சீரகம், ஒரு கரண்டி மல்லி, கொஞ்சம் மிளகு, ஆறு பல்லு உள்ளி, உப்பு. ஒறிகானோ என்கிற இலைக்கு எங்கே போவது? கிணற்றடியில் கற்பூரவள்ளி நிற்கிறது. நாலு இலையைப் பொடியாக அரிந்து போட்டேன். வாசம் கிட்டத்தட்ட அதேதான் என்று ஸ்கார்பரோ மச்சாள்காரியே பிறகு வீடியோவில் பார்த்துச் சொன்னாள். பார்த்து எப்படி மணந்தாள் என்று கேட்காதீர்கள்.

மா கிடைக்காததால் காய்ந்த சோளமே ஒரு கிலோ வாங்கினேன். சும்மா அரைத்த சோள மாவைக் குழைத்தால் ஒட்டாது, தட்டத் தட்ட உதிரும். மெக்சிக்கோக்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் பூசுகிற அதே சாமான்தான். கிலோவுக்குப் பத்துக் கிராம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு அவித்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். காலையில் கையை விட்டுக் கசக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வந்தது. மஞ்சள் நிறம் இன்னும் கடுத்து, மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசம். ஐரோப்பாக்காரர் சோளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தில் இருக்கிற நயாசின் சத்தைச் சுண்ணாம்புதான் அவிழ்த்துக் கொடுக்கும். அது இல்லாமல் சோளத்தையே தின்ற ஏழைச் சனங்களுக்குத் தோல் வெடித்து, புத்தியும் பேதலித்து, பெலக்ரா வந்தது. வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைப் பார்க்கிறபோது எனக்கு இப்போது ஒரு மரியாதை.

ஊறிய சோளத்தைக் கழுவி வடித்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அப்போதுதான் யாரோ சத்துமாவுக்குக் கோதுமை அரைத்து முடித்திருக்கிறார்கள். மெஷின் வாயெல்லாம் மா. கழுவ முடியுமா அண்ணை என்றேன். “ஒரு சுண்டு அரிசி போட்டு ஓட்டிவிடுறன் பிள்ளை, எல்லாம் போயிடும். கொஞ்ச நஞ்சம் நிண்டா என்ன?” வந்துவிட்டதா அந்த வசனம்! ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் குளூட்டன் இல்லாதது என்று பக்கற்றில் அச்சடிக்கக்கூடாது என்பது உலகத்துக் கணக்கு. 20 மில்லிகிராம் என்றால் ஊதினால் பறக்கிற அளவு. இதை அவருக்கு மில் சத்தத்துக்குள் எப்படிக் கத்திச் சொல்வது? வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் அம்மம்மாவின் அம்மி கிடந்தது. ஒரு கிலோ சோளம், அம்மியில், நானும் மகளும் மாறி மாறி இரண்டரை மணித்தியாலம். மெக்சிக்கோவிலும் இப்படிக் கல்லில் குழவி போட்டுத்தான் காலங்காலமாக அரைத்தார்களாம் என்று அவள் தொலைபேசியில் படம் காட்டினாள். படம் பார்த்தால் தோள்மூட்டு வலி குறையுமா?

இறைச்சிக்கு வெள்ளிக்கிழமை போனால் கடை பூட்டு. போயா. முழுநிலா நாளில் நாடு முழுக்க இறைச்சிக்கடை பூட்டு என்பது எனக்குத் தெரியாததா, சோள யோசனையில் நாள்காட்டி பார்க்க மறந்துவிட்டேன். அது என் பிழை. சனிக்கிழமை விடிய ஐந்துசந்திப் பக்கம் போனேன். பொடியாகக் கொத்தித் தாங்கோ நானா, ஆனால் கட்லட் சாமான் பட்ட பலகை வேண்டாம், பாண் தூள் ஆகாது, பிள்ளைக்கு வருத்தம் என்றேன். மனுசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கத்தியைக் கழுவினார், பலகையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தார். “எங்களுக்கும் ஹலால் இல்லாததில பட்ட கத்தி சரிவராதுதானே தங்கச்சி.” அவ்வளவுதான்! மூன்று வருடமாக நான் ஊருக்கு விளக்கப்படுத்தி முடியாததை அந்த மனுசன் ஒரு வசனத்தில் பிடித்துவிட்டார்.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா. நல்ல மனுசி, பொய் சொல்லக்கூடாது. சுத்த சைவம். பன்னிரண்டு வருடம் முன்பு முதல்முதல் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறபோதே கேட்டார், “இது மச்சம் காய்ச்சின சட்டியில கொதிச்ச தண்ணியோ?” எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அடுத்த கிழமையே அவருக்கென்று ஒரு புதுச் சட்டி, ஒரு கரண்டி, இரண்டு கோப்பை வாங்கி மேல்தட்டில் வைத்தேன். இன்று வரை அந்தச் சட்டியில் ஒரு நெத்தலிகூடப் பட்டதில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வேலிக்கு மேலால் மணம் போகக்கூடாது என்று கிறிஸ்தவ வேதக்காரராகிய எங்கள் வீட்டிலும் மாட்டிறைச்சி காய்ச்சுவதில்லை. யாரும் சொல்லிச் செய்ததில்லை. இது ஊர் மரியாதை.

சனிக்கிழமை பின்னேரம். இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்து, தட்டையான தாச்சியால் அமத்தி, புதிதாக வாங்கிய தோசைக்கல்லில் சுட்டது இருபத்தெட்டு றொட்டி. தண்ணீர் ஒரு சொட்டுக் குறைந்தால் ஓரம் வெடிக்கும், கூடினால் தாளோடு ஒட்டும். முதல் ஐந்து நாசம். ஆறாவது, கல்லில் போட்டதும் நடுவில் மெல்ல உப்பி எழும்பியது. மகள் கை தட்டினாள். சுட்டதையெல்லாம் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு கடகப் பெட்டிக்குள் சூடு ஆறாமல் வைத்தேன். இறைச்சி ஒரு தாச்சி, அரிந்த கோவா ஒரு கிண்ணம், தக்காளிப்பழமும் பச்சைமிளகாயும் தேசிக்காயும் பிழிந்தது ஒரு கிண்ணம். பிள்ளையின் சிநேகிதிகள் ஆறு பேர். மேசையில் கோதுமை கிடையாது. அன்றைக்கு அவள் எதையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடத் தேவையில்லை.

அக்கா வந்தார். கையில் ஒரு சரை தட்டை வடை. இறைச்சிப் பக்கம் போகாமல் நேரே கடகத்தடிக்கு வந்து, துணியை விலக்கி, “வடிவான றொட்டி, இதுக்குள்ள வடையை நொறுக்கிப் போட்டா மொறுமொறு என்று இருக்கும் பிள்ளை” என்று மகளுக்கு வடையை இரண்டு கையாலும் நொறுக்கினார். கடகத்துக்கு நேர் மேலே! தூள் முழுக்கத் துணிக்குள், றொட்டிக்குள் கொட்டுப்பட்டது.

அக்கா, அதில் மா இருக்கு என்று நான் கத்தினேன்.

“உளுந்து வடை தங்கச்சி. மா கொஞ்சம்தான் போட்டனான். தட்டிப்போட்டுச் சாப்பிடட்டும், என்ன செய்யப்போகுது?”

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ. “உங்கட சாம்பாருக்குள்ள ஒரு துண்டு மாட்டிறைச்சி விழுந்தா, துண்டை எடுத்துப் போட்டிட்டுச் சாப்பிடுவியளோ அக்கா?” என்று கேட்டேன். சிநேகிதப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா சரையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் வந்து, வயதுக்கு மூத்த மனுசியிடம் அப்படியா கதைப்பது என்கிறார். மாமி, பாவம் ஆசையாகக் கொண்டுவந்தவ என்கிறார். அம்மியில் அரைத்த கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடகத்தில் மிஞ்சிய இருபத்து மூன்று றொட்டியையும் மற்றப் பிள்ளைகள் தின்றார்கள், நல்ல ருசியாம். ஃபிரிட்ஜில் ஒரு பிடி மா மிச்சம் இருந்தது. கையைத் தேய்த்துக் கழுவி, மகளுக்கென்று நாலு றொட்டி தட்டினேன். குசினிக்குள் ஸ்டூலில் இருந்து தனியாகத்தான் சாப்பிட்டாள். எல்லாரோடும் சாப்பிடவேண்டும் என்று கேட்ட பிள்ளை. “நல்லாயிருக்கம்மா” என்றாள். அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

இன்றைக்கு ஆறாவது நாள், அக்கா வேலிப்பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிடப் போவதுமில்லை. நேற்று ஃப்ரீசரில் வைத்திருந்த இறைச்சியைச் சூடாக்கச் சட்டி ஒன்றும் கழுவிக் கிடக்கவில்லை. மேல்தட்டில் இருந்து அவருடைய சட்டியைத்தான் எடுத்தேன். அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொட்டிக்குள் கிடந்த தாச்சியைத் தேய்த்தேன். அதுக்கும் எனக்கு என்மேலேயே கோபம்.