கண்டி ராஜா சமாதி கண்டியில் இல்லை, நம்ம வேலூரில்

கண்டி டூர் பற்றி மேலே எழுதின அண்ணனுக்கு: தலதா மாளிகை (புத்தரோட பல்லை வெச்சிருக்கிற கோவில்) பக்கத்திலேயே கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் சமாதி இருக்கு, கண்டி ஏரியை வெட்டினது வெள்ளைக்காரன்னு போட்டிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

1815 பிப்ரவரியில் ராஜாவைப் பிடிச்சாங்க. மார்ச் 2-ல் ஒப்பந்தம் போட்டு நாட்டை ஆங்கிலேயர் எடுத்துக்கிட்டாங்க. அவரைக் குடும்பத்தோடு கப்பலேத்தி, 1816-ல் நம்ம வேலூர் கோட்டைக்குள்ள வெச்சாங்க. 1832-ல் இங்கேயே இறந்தார். சமாதி பாலாற்றங்கரை முத்து மண்டபம். வேலூரில் இருந்துக்கிட்டே இதைத் தெரியாம கண்டியில் தேடினா எப்படிண்ணே? மாளிகைக்குப் பின்னாடி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது உண்மைதான். ஆனா அது ஆங்கிலேயர்களோடது. அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜான் டாய்லியும் அங்கேதான் புதைக்கப்பட்டார்.

ஏரி அதே ராஜா 1807-ல் வயல்வெளியை மறிச்சுக் கட்டினது. கரையோரச் சுவரை நின்னு பாருங்க. மேல்விளிம்பு மேகம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், நடுவில் விளக்கு வைக்கிற முக்கோணப் பொந்துகள். சுவர் ஏரி முழுக்கச் சுத்தி வராது, அதுக்குள்ள அவர் ஆட்சியே போயிடுச்சு.

கண்டி ராஜாக்களோட சிம்மாசனமும் கண்டியில் கிடையாது. இங்கிலாந்து போய் 1934-ல் திரும்பி வந்தது, இப்போ கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கு.

மாளிகைக்குள்ள தோளும் முழங்காலும் மூடின துணியோடதான் விடுவாங்கன்னு நீங்க சொன்னது மட்டும் சரி.