மூன்று மாதக் குட்டிக்கு ராணுவ முகாமாம்!

சித்தப்பாவும் மற்றவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் குடும்பக் குழுவில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். சோபாவில் சித்தப்பா, மடியில் எங்கள் நாய்க்குட்டி, கையில் பிஸ்கட். "பாவம், இதற்கு இன்றைக்குத்தான் விடுதலை" என்று கீழே ஒரு வரி. 17 பேர் சிரித்திருக்கிறார்கள். ஆம், எண்ணினேன். "அது வீடா, ராணுவ முகாமா?" என்று கேட்டது யார் என்பதையும் பார்த்துவிட்டேன்.

கோபத்தோடு எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள் பொறுத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பவை நான்கே விதிகள். குட்டியைச் சோபாவில் ஏற்றக் கூடாது. நாம் சாப்பிடும்போது தட்டிலிருந்து எதுவும் தரக் கூடாது. மேலே தாவினால் கண்டுகொள்ளக் கூடாது, நான்கு காலும் தரையில் இருக்கும்போதுதான் கொஞ்சல். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போக வேண்டும். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இதில் ஒன்றாவது நாய்க்குச் சொன்னதா? எல்லாம் மனிதர்களுக்கு.

சோபா மீது எனக்குப் பக்தி எதுவும் கிடையாது. ஏறலாம் என்று முடிவு செய்திருந்தால் தினமும் ஏறட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏறினால் முத்தம், திங்கட்கிழமை ஏறினால் திட்டு என்றால் அந்தச் சின்ன மண்டை என்ன செய்யும்? காலண்டர் பார்க்குமா? எல்லோருக்கும் ஒரே விதி, எல்லா நாளும் ஒரே விதி. ஒரு மாதமாக இதைத்தான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரே ஒரு பிஸ்கட்தானே?" அந்த ஒன்றுதான் வினை. கெஞ்சி ஒருபோதும் கிடைக்காவிட்டால் நாய் கெஞ்சுவதை விட்டுவிடும். 20 முறைக்கு ஒரு முறை கிடைத்தால் 21ஆவது முறையும் கெஞ்சும், முன்பைவிடப் பிடிவாதமாக. எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்குத்தான் பிடி அதிகம் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்தே காட்டிவிட்டார். சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் படித்த மனிதர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். சித்தப்பா ஐந்து நொடியில் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு எத்தனை வாரம் ஆகுமோ.

சரி, அன்று மாலை நடந்ததற்கு வருவோம். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மதியம் முழுக்கக் கைமாற்றிக் கைமாற்றி விளையாடினீர்களே, ஒருவராவது வெளியே கூட்டிப்போனீர்களா? நிறையத் தூங்க வேண்டிய ஜீவனைக் கண்மூடவும் விடவில்லை. தூக்கம் கெட்ட குட்டி கடிக்கத்தான் செய்யும், பால்பல் ஊசி போலத்தான் இருக்கும். சட்டைக்கை கிழிந்த நிமிடத்தில் கொஞ்சல் நின்றது. "வளர்ப்பு சரியில்லை" என்று தீர்ப்பு வந்தது. யாருடைய வளர்ப்பு என்று சொல்லத் தேவையில்லையே.

விரிப்பு நனைந்ததற்கு நடந்த விசாரணை அதைவிட அழகு. குட்டியை இழுத்து வந்து ஈரத்தைக் காட்டித் திட்டிவிட்டு, "முகத்தைப் பார், தப்பு செய்தது அதற்கே தெரிகிறது" என்றார் சித்தப்பா. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சோதித்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைத்தான் காட்டியது. குட்டிக்குத் தெரிந்தது சித்தப்பாவின் குரல் மட்டும்தான்.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு அறிவுரை வந்தது. கழுத்தைப் பிடித்து அழுத்தி, தலைவன் யார் என்று காட்ட வேண்டுமாம். கூட்டத்தை அடக்கி ஆள்வதே தலைமை என்ற 'ஆல்ஃபா ஓநாய்' கருத்தைத் தன் 1970ஆம் ஆண்டு நூலால் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் என்பவரே அது தவறு என்று பிறகு பல முறை சொல்லிவிட்டார். நான் குட்டியின் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஆனாலும் கொடுமைக்காரி நான்தான்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குட்டியை வெளியே கூட்டிப்போக நினைத்த நேரத்துக்கு எழுந்து ஓட முடியாது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நியாயம்தான். "விருந்தாளி ஒரு நாள்தானே வருகிறார்?" என்பவர்களுக்கு: அந்த ஒரு நாள் சும்மா இருக்கலாமே.

ஏன் இப்படிக் குதிக்கிறாய் என்கிறீர்கள். சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. தோள்வரை தாவ அதைப் பழக்கியது அண்ணன். தாவினால் அம்மா துடைப்பத்தை எடுப்பார். அப்பா சில நாள் சிரிப்பார், சில நாள் உதைப்பார். குட்டியாக இருந்தவரை நாங்கள் கைதட்டினோம். வளர்ந்த பிறகு அதே தாவலில் ஒரு பெரியவர் கீழே விழுந்தார். மறுநாள் கொல்லைப்புறத்தில் கட்டினார்கள். பிறகு அவிழ்க்கவே இல்லை. ஏழு வருடம். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் தாவப் பார்க்கும், சங்கிலி இழுத்துப் போடும். அது செய்த ஒரே குற்றம், நாங்கள் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முதல் சிரிப்பு அந்த அண்ணனுடையது.

இதுவரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளில், முதல் விதிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'ஞாயிறு தவிர' என்று எழுதியிருக்கிறார்கள். சித்தப்பாவின் கையெழுத்து இல்லை. இந்த வீட்டில் குறுக்கெழுத்துக்காகப் பென்சில் வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் இந்தப் பதிவையும் படிப்பார்.