37 டிகிரி தொடாத ஊரின் கர்ப்பிணிகள்

வேலூர், கரூர், திருத்தணி என்று வெயில் செய்தி ஓடும்போது நம்ம குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நிம்மதி வரும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நமக்கென்ன என்று. கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த நிம்மதி ஆபத்தானது.

வானிலை மையத்தின் கணக்கில், கடலோரம் 37 டிகிரியாவது தொட வேண்டும்; அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்ப அலை. இங்கே 34, 35-லேயே மூச்சு முட்டும். எல்லாம் புழுக்கம்தான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, வியர்வை உலராமல் உடம்புச் சூடு இறங்காது. வயிற்றுப்பிள்ளைக்காரி தன் சூட்டோடு பிள்ளையின் சூட்டையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். அதற்காக ரத்தம் தோல் பக்கம் திரும்பும்போது நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையலாம். உடம்பில் நீர் வற்றினால் மாதம் நிறையும் முன்பே வலி கண்டுவிடலாம்.

இது வெறும் பயம் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும், குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு. முடிவு 2024-ல் வெளியானது.

நம்ம பக்கம் வெப்பத்தில் வேலை என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அண்டி ஆபீஸ்தான், அதாவது முந்திரி ஆலை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் ஏழாம் மாதம் வரை பருப்புத் தோல் எடுக்கப் போனார். பங்குனி மாதம். சாயங்காலம் வரும்போது சேலை முதுகோடு ஒட்டியிருக்கும். வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்திருக்கும். கொண்டுபோன தண்ணீர்க் குப்பி பாதிகூடக் குறைந்திருக்காது. கேட்டால், "தண்ணி குடிச்சா கக்கூசுக்கு எழும்பணும் மக்ளே, எழும்பினா கிலோ குறையும்" என்பார். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று அறிவுரை சொல்லி என்ன பயன்?

பிரசவத்துக்குப் பிறகும் இது விடுவதில்லை. வயிறு சாடும், தொப்பை விழும் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கிறோம், ஜன்னலை அடைக்கிறோம், பிள்ளையைத் தலையோடு துணியில் சுற்றுகிறோம். பாட்டிமார் அன்பில் செய்வதுதான். ஆனால் மேலே ஷீட் கூரை, ராத்திரியும் தணியாத புழுக்கம். கைக்குழந்தைக்குச் சரியாக வியர்க்காது, சூடு சட்டென்று ஏறும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்பது சரி. அப்படியென்றால் தாய் வயிறார தண்ணீர் குடித்தாக வேண்டும் அல்லவா?

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் டிகிரியை மட்டும் பார்த்தால் நம்ம மாவட்டம் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வராது. ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கை கொடுங்கள். மாசி முதல் வைகாசி வரை கர்ப்பிணிக்குக் காற்றோட்டமான இடமும், எழும்பிப் போக நேரமும், அதற்காகக் குறையாத கூலியும் முதலாளிகள் தர வேண்டும். தொழிலாளர் துறை அதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, எங்கே வேலை, அங்கே காற்று உண்டா, கக்கூஸ் உண்டா என்றும் கேட்டு அட்டையில் எழுதட்டும்.