வகுப்பறைத் தொட்டியில் இருக்கிற செடியின் பெயர் என்ன?

போன வாரம் மகளின் வகுப்பில் பெற்றோர் கூட்டம். முறை வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தபோது ஜன்னலோரத் தொட்டி கண்ணில் பட்டது. அகலமான பச்சை இலை, நடுவில் வெளிர் மஞ்சள் திட்டு, பார்க்க அழகுதான். ஆனால் கீழ் இலையின் ஓரம் முழுக்க நகத்தால் கிள்ளிய தடம், சரியாக ஏழு வயதுப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில்.

"இது என்ன செடி டீச்சர்?"

"தெரியலைங்க, யாரோ ஒரு பேரண்ட் கொடுத்தாங்க. தண்ணி ஊத்தாட்டியும் நல்லா வருது."

அது டைஃபன்பேக்கியா. ஆங்கிலத்தில் இதற்கு 'டம்ப் கேன்' என்று பெயர், 'டம்ப்' என்றால் ஊமை. கடித்தால் உள்ளே இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள், கண்ணுக்கே தெரியாதவை, நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, எரிந்து வீங்கி, பேச்சு வராமல் போகலாம். உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம், ஆனால் கிள்ளிய கையோடு கண்ணைக் கசக்கினாலும் அவதிதான். பாட்டிலில் வளர்க்கிறோமே மணி பிளாண்ட், அதிலும் இதே ஊசிகள் உண்டு.

செடியை விட விதைகள்தான் எனக்கு அதிகக் கவலை. எண்ணிப் பழக, மாலை கோக்க என்று குன்றிமணியைக் கொடுக்கிறார்கள். முழுசாக விழுங்கினால் அந்தக் கெட்டியான தோல் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். மென்றாலோ ஓட்டை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் கொடிய விஷம். ஆமணக்கு விதையில் ரிசின், அதுவும் கொடிய விஷம்தான். இந்த இரண்டும் வகுப்பறைக்குள் எதற்கு?

"செடி காத்தைச் சுத்தமாக்கும்" என்பார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டும் 1989 நாசா ஆய்வு மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தால் கிடைக்கும் பலன் செடியிடம் கிடைக்க, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019இல் கணக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம் பிள்ளைகள் எங்கே உட்காருவது?

செடியே கூடாது என்று சொல்ல வரவில்லை. மண்ணில் கை வைக்காமல் பிள்ளைகள் எதைக் கற்கப் போகிறார்கள்? பெயர் தெரிந்த பிறகு உள்ளே விடுங்கள், பெயரைத் தொட்டியிலேயே ஒட்டுங்கள். எந்தப் பிள்ளையாவது கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, கொப்பளிக்க வைத்து, அந்த இலையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அந்தத் தொட்டி இப்போது ஆசிரியர்கள் அறை பீரோ மேல் இருக்கிறது. அதன் இடத்தில் ஸ்பைடர் பிளாண்ட், விஷமில்லாதது. அதையும் கிள்ளத்தான் செய்கிறார்களாம்.